ஜொகூர் காட்டின் மாவாஸ்: பார்த்தவர்கள் சொன்னதும் காடு காட்டுவதும்

2005ஆம் ஆண்டின் இறுதியில், ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி வட்டாரத்தில் மீன்குளம் வெட்டும் வேலையில் இருந்த தொழிலாளர்கள் சிலர் ஊருக்குள் ஒரு செய்தியைக் கொண்டுவந்தனர். காட்டோரத்தில் மூன்று உருவங்களைப் பார்த்ததாக அவர்கள் கூறினர். இரண்டு பெரியவை, ஒன்று சிறியது. உடல் முழுவதும் முடி. மனிதரைப் போல இரண்டு காலில் நின்றன. அருகில் சேற்றில் பதிந்திருந்த காலடித் தடம் ஏறத்தாழ 45 செண்டிமீட்டர் நீளம் என்று நாளிதழ்களில் செய்தி வந்தது.

சில வாரங்களில் அந்தச் செய்தி நாட்டைத் தாண்டியது. ‘ஜொகூர் பிக்ஃபூட்’ என்று வெளிநாட்டு ஊடகங்கள் அதற்குப் பெயர் வைத்தன. உள்ளூர் மக்கள் அதை ‘ஓராங் மாவாஸ்’ என்றனர். ஜொகூர் மாநில அரசே தேடலில் இறங்கும் அளவுக்கு விஷயம் பெரிதானது.

அதன் பிறகு இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றுவரை ஓர் எலும்போ, ஒரு பல்லோ, ஒரு துண்டுத் தோலோ கிடைக்கவில்லை. ஆனாலும் மாவாஸ் கதை மறையவில்லை. கோத்தா திங்கி, மெர்சிங், குளுவாங் பக்கம் உள்ள தோட்டங்களிலும் கம்பங்களிலும் அது இன்னும் பேசப்படுகிறது. இந்தக் கதை எங்கிருந்து வந்தது, அதற்குப் பின்னால் இருக்கக்கூடியவை எவை, அதைத் தேடிய காலத்தில் அதே காட்டில் என்ன நடந்தது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஓர் உருவம், பல பெயர்கள்

மலாய் மொழியில் ‘மாவாஸ்’ என்பது புதிய சொல் அன்று. ஓராங் ஊத்தானைக் குறிக்கும் பழைய சொற்களில் அதுவும் ஒன்று. சுமத்ராவில் இன்றும் அப்படி வழங்குகிறது. ‘ஓராங் ஊத்தான்’ என்றால் காட்டு மனிதன் என்று பொருள். எனவே ‘ஓராங் மாவாஸ்’ என்ற பெயரைக் கேட்டதும் மலாய்க்காரர் மனத்தில் பெரிய வாலில்லாக் குரங்கின் உருவமே எழும்.

எண்டாவ்-ரொம்பின் காட்டுப் பகுதியில் வாழும் ஜக்கூன் பூர்வகுடி மக்களிடம் வழங்கும் பெயர் வேறு. அவர்கள் அதை ‘ஹந்து ஜாராங் கிகி’ என்பர். பற்கள் இடைவெளி விட்டு அமைந்த பேய் என்பது அதன் பொருள். பெயரிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் அதை ஒரு விலங்காக எண்ணித் தேடினர். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதற்கு ‘ஹந்து’, அதாவது பேய், என்று பெயர் வைத்திருந்தனர்.

இத்தகைய கதை ஜொகூருக்கு மட்டும் உரியது அன்று. சுமத்ராவின் கெரிஞ்சி மலைப்பகுதியில் ‘ஓராங் பெண்டேக்’ என்ற குட்டை மனிதனைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் ‘எபு கோகோ’ என்ற பெயர் உண்டு. இமயமலையில் அது ‘யேட்டி’. வட அமெரிக்காவில் அது ‘பிக்ஃபூட்’. அந்தப் பெயர் பிரபலமானது 1958இல், கலிஃபோர்னியாவில் சாலை போடும் இடமொன்றில் பெரிய காலடித் தடங்கள் காணப்பட்டபோதுதான். 2002இல் அந்தச் சாலைக் குத்தகையாளர் இறந்த பிறகு, மரத்தில் செதுக்கிய பாதங்களைக் கொண்டு அவரே அத்தடங்களைப் பதித்தார் என்று அவர் குடும்பத்தினர் தெரிவித்தனர்.

துரோலாக் தோட்டத்தில் 1953

ஜொகூர் செய்திக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, தோட்டத் தொழிலாளர்கள் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு சம்பவம் பேராக் மாநிலத்தில் பேசப்பட்டது. இடம், சிலிம் ரிவர் அருகே துரோலாக்கில் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். காலம், 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம்.

பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த சீனப் பெண் ஒருவரின் தோளில் யாரோ கை வைத்தார்கள். திரும்பிப் பார்த்தால், வெளிறிய தோலும் நீண்ட கறுத்த முடியும் கோரைப்பற்களும் கொண்ட ஓர் உருவம் நின்றது. அலறியபடி அவர் தோட்ட அலுவலகத்துக்கு ஓடினார். ஆற்றங்கரைப் பக்கம் அதுபோல் இன்னும் இரண்டு உருவங்கள் இருந்ததாகவும் சொல்லப்பட்டது. அடுத்து, அதே தோட்டத்தில் வேலை செய்த ஒரு தமிழ்த் தொழிலாளியைப் பின்னாலிருந்து முடி நிறைந்த கைகள் பற்றின என்றும், அவர் விடுவித்துக்கொண்டு ஓடி மயங்கி விழுந்தார் என்றும் செய்தி பரவியது.

அன்றைய சூழலை நினைத்துப் பார்த்தால்தான் இந்தச் சம்பவத்தின் கனம் புரியும். 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இருந்தனர். தோட்ட மேலாளர்கள் சுடப்பட்டனர். தொழிலாளர்கள் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டனர். காட்டிலிருந்து எந்த உருவம் வந்தாலும் அது உயிர்ப் பிரச்சினை. எனவே இச்செய்தியை வெறும் பேய்க்கதை என்று அதிகாரிகள் ஒதுக்கிவிடவில்லை. காவல் படையினரும் தேடினர். ஆனால் யாரும் பிடிபடவில்லை.

துரோலாக் உருவங்களுக்கும் ஜொகூர் மாவாசுக்கும் ஒற்றுமை குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். துரோலாக்கில் சொல்லப்பட்டவை மனித உயரம் கொண்டவை. இடுப்பில் மரப்பட்டை கட்டியிருந்தன என்றும் கூறப்பட்டது. கோத்தா திங்கியில் சொல்லப்பட்டதோ மூன்று மீட்டர் உயரம் வரை இருக்கும் குரங்குருவம். பிற்காலத்தில் எழுதியவர்கள் இரண்டையும் ஒரே கதையாக இணைத்துவிட்டனர்.

தோட்டத்து மக்களுக்குக் காட்டோர அச்சம் புதிதல்ல. தோட்டங்கள் காட்டை அழித்தே போடப்பட்டன. விடிவதற்கு முன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவருக்கு, கடைசி மரத்துக்கு அப்பால் இருப்பது இருட்டுதான். அந்த எல்லையில்தான் நம் முன்னோர் முனியாண்டிக்குக் கல் நட்டனர். காவல் தெய்வத்தை அங்கே வைத்தது, அங்கே காவல் தேவை என்று அவர்கள் உணர்ந்ததால்தான். அப்படிப்பட்ட இடத்தில் திடீரென்று ஒரு நிழலைக் கண்டு ஓடியவர் பொய் சொல்கிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டுவது நியாயமாகாது. அவர் எதையோ பார்த்திருக்கிறார். அது என்ன என்பதுதான் கேள்வி.

மாநில அரசின் தேடல்

2006 ஜனவரியில் ஜொகூர் மாநில அரசு மாவாசைத் தேடும் முயற்சிக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு தந்தது. அப்போது மந்திரி புசாராக இருந்தவர் டத்தோ அப்துல் கனி ஒத்மான். உலகில் ஓர் அரசாங்கம் இதுபோன்ற உயிரினத்தைத் தேட முன்வந்தது அரிது என்பதால் வெளிநாட்டு நிருபர்கள் திரண்டனர். சிங்கப்பூரிலிருந்தும் ஆர்வலர் குழுக்கள் வந்து காலடித் தடங்களை ஆராய்ந்தன.

தேடலின் மையமாக அமைந்தது எண்டாவ்-ரொம்பின் காடு. ஜொகூர், பகாங் மாநில எல்லையில் ஏறத்தாழ 870 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்த மழைக்காடு அது. 1977இல் அங்கு வெட்டுமரத் தொழில் நுழைந்தபோது நாடளாவிய எதிர்ப்பு எழுந்தது. 1985-86இல் மலேசிய இயற்கைக் கழகம் அங்கு ஓர் அறிவியல் பயணத்தை நடத்தியது. அதுவரை அறிவியலுக்குத் தெரியாத தாவரங்கள் அப்போது பதிவாயின. எண்டாவ் விசிறிப்பனை அவற்றுள் ஒன்று. 1993இல் ஜொகூர் பகுதி மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

இந்தக் காட்டில் மாவாசைத் தேடியவர்கள் 2006க்கு முன்பும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டு ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் எண்டாவ் ஆற்றுப் பகுதிக்குப் பயணம் செய்து, பெரிய காலடித் தடங்களைக் கண்டதாக எழுதினார். அவருக்கும் உயிரினம் அகப்படவில்லை.

வராத புகைப்படங்கள்

2006இன் நடுப்பகுதியில் ஆர்வம் உச்சத்தை எட்டியது. மாவாசின் தெளிவான புகைப்படங்கள் தங்களிடம் இருப்பதாகவும், விரைவில் நூலாக வெளியிடப்போவதாகவும் சிலர் அறிவித்தனர். உலகின் பல பகுதிகளிலிருந்து ஆர்வலர்கள் காத்திருந்தனர்.

கடைசியில், அந்தப் படங்கள் ஆதிமனிதரைப் பற்றிய ஒரு பிரெஞ்சு ஆவணப்படத்தோடு தொடர்புடையவை என்பது தெரியவந்தது. அவற்றில் இருந்தவர்கள் வேடமிட்ட நடிகர்கள். அதோடு பெரும்பாலான ஊடகங்கள் ஜொகூரை விட்டுப் போய்விட்டன.

இதில் பாதிக்கப்பட்டவர்கள் முதலில் பார்த்ததாகச் சொன்ன சாதாரணத் தொழிலாளர்களும் பூர்வகுடி மக்களும்தான். படம் காட்டியவர்களின் பொய்யோடு சேர்த்து இவர்களின் சாட்சியமும் கேலிக்குள்ளானது. கண்ணால் கண்டதைச் சொன்னவரையும் கதை விற்றவரையும் ஒரே தட்டில் வைத்தது அன்றைய ஊடகப் பரபரப்பு.

காலடித் தடம் யாருடையது?

காட்டில் பெரிய, மனிதப் பாதம் போன்ற தடம் ஒன்றைக் கண்டால் முதலில் நினைக்க வேண்டிய விலங்கு கரடி. மலேசியக் காட்டில் இருப்பது சூரியக் கரடி. மலாயில் ‘பெருவாங் மாதஹாரி’. நெஞ்சில் மஞ்சள் நிறப் பிறை போன்ற அடையாளம் இருக்கும். கரடிகளிலேயே இதுதான் மிகச் சிறிய இனம். எடை 25 முதல் 65 கிலோ வரை.

கரடிக்கும் மனிதருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நாயும் பூனையும் விரல் நுனியில் நடக்கின்றன. கரடி நம்மைப் போலக் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கிறது. அதனால் அதன் பின்பாதத் தடம் சிறுவனின் பாதத்தைப் போலவே தெரியும். நடக்கும்போது முன்பாதம் பதிந்த இடத்திலேயே பின்பாதம் பாதி ஏறிப் பதிந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே நீண்ட தடமாகத் தோன்றும். ஈர மண்ணில் வழுக்கியிருந்தால் இன்னும் நீளும். மழை பெய்து ஓரம் கரைந்தால் அகலமும் கூடும்.

சூரியக் கரடி அடிக்கடி இரண்டு காலில் எழுந்து நின்று சுற்றிலும் பார்க்கும். வெகுதூரத்து வாசனையை முகர்வதற்கு அப்படி நிற்கிறது. அரையிருட்டில், புதருக்கு மேலே தலையும் தோளும் மட்டும் தெரியும்படி நிற்கும் கரடியைப் பார்த்தால், அதை ஆள் என்று எண்ணாதவர் குறைவு. தாய்க்கரடி குட்டியோடு நின்றால் ‘குடும்பம்’ என்றே தோன்றும்.

இரண்டாவது சந்தேகம் கிப்பன் குரங்குகள் மீது. மலாயில் ‘ஊங்கா’ எனப்படும் வெள்ளைக்கைக் கிப்பன் ஜொகூர் காட்டிலும் உண்டு. பெரிய இனமான சியாமாங் பேராக், பகாங் மலைக்காடுகளில் வாழ்கிறது. புக்கிட் ஃபிரேசரில் அதன் குரலைக் கேட்காதவர் இல்லை. இவற்றுக்கு வால் கிடையாது. தரையில் இறங்கினால் கைகளை மேலே தூக்கிக்கொண்டு இரண்டு காலில் நடக்கும். உருவம் சிறியதுதான், ஆனால் பனிமூட்டத்தில் தொலைவும் உயரமும் கண்ணை ஏமாற்றும்.

இமயமலை யேட்டியின் கதையும் இதே பக்கம்தான் போகிறது. யேட்டியுடையவை என்று கோவில்களிலும் அருங்காட்சியகங்களிலும் பாதுகாக்கப்பட்ட எலும்பு, தோல், முடி முதலான ஒன்பது மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்த முடிவு 2017இல் வெளியானது. எட்டு மாதிரிகள் கரடிகளுடையவை. மீதமிருந்த ஒன்று நாயுடையது.

இவை எல்லாம் கோத்தா திங்கியில் அன்று கண்டது கரடிதான் என்று நிரூபிப்பதில்லை. ஆனால் தெரியாத உயிரினத்தைத் தேடுவதற்கு முன், தெரிந்த விலங்குகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். அன்றைய பரபரப்பில் அந்த நிதானத்துக்கு இடமில்லாமல் போனது.

பத்துமலையில் கிடைத்த பற்கள்

தீபகற்ப மலேசியாவில் பெரிய வாலில்லாக் குரங்கு ஒருபோதும் இருந்ததில்லையா? இருந்தது. இதற்கான சான்று கிடைத்த இடங்களில் ஒன்று நம் எல்லாருக்கும் தெரிந்த பத்துமலை.

தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானோர் ஏறும் அந்தச் சுண்ணாம்புக் குன்றில், கோவில் குகை தவிர வேறு பல சிறு குகைகளும் உள்ளன. அங்கும் பேராக்கில் ஒரு குகையிலும் கிடைத்த புதைபடிவப் பற்கள் ஓராங் ஊத்தானுடையவை என்று 2013இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. தீபகற்பத்தில் ஓராங் ஊத்தான் வாழ்ந்ததற்கு அதுவே முதல் நேரடிச் சான்று. அவை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை.

கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகக் காலத்தில் மலாயா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா எல்லாம் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்தன. ஓராங் ஊத்தான் அப்பகுதி முழுவதும், வடக்கே தென்சீனம் வரையிலும் பரவியிருந்தது. இன்று அது போர்னியோவிலும் வட சுமத்ராவிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. தட்பவெப்ப மாற்றமும் மனித வேட்டையும் காரணங்களாகக் கருதப்படுகின்றன. சரவாக்கின் நியா குகையில், பழங்கால மனிதர்கள் ஓராங் ஊத்தானை வேட்டையாடித் தின்றதற்கு எலும்புச் சான்று உண்டு.

எனவே மாவாஸ் என்பது மறைந்துபோன ஓராங் ஊத்தானைப் பற்றிய பழைய நினைவாக இருக்குமோ என்று சிலர் எண்ணுகின்றனர். கவர்ச்சியான எண்ணம்தான். ஆனால் அத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஒரு நினைவு வாய்வழியாக நிலைத்திருக்க முடியும் என்று காட்ட வழியில்லை. சுமத்ராவிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர் மாவாஸ் கதைகளை உடன் கொண்டுவந்திருக்கவும் கூடும்.

‘கைகாண்டோபித்தேகஸ்’ என்ற ராட்சதக் குரங்கையும் சிலர் சான்றாகக் கூறுவர். 1935இல் ஹாங்காங் சீன மருந்துக்கடையில் ‘கடல்நாகப் பல்’ என்று விற்கப்பட்ட பல்லிலிருந்து அது கண்டறியப்பட்டது. நிமிர்ந்தால் மூன்று மீட்டர் உயரம் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அது இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. அதன் எச்சம் எதுவும் மலேசியாவில் கிடைத்ததில்லை.

இருந்தால் ஏன் கிடைக்கவில்லை?

‘காடு பெரியது, மறைந்திருக்கலாம்’ என்பது வழக்கமான பதில். அதற்கு ஆதரவாக இரண்டு செய்திகளைச் சொல்லலாம். 1992இல் வியட்நாம் காட்டில் ‘சாவோலா’ என்ற பெரிய கொம்புள்ள விலங்கு அறிவியலுக்கு முதன்முதலாகத் தெரியவந்தது. 2004இல் ஃபுளோரஸ் தீவின் லியாங் புவா குகையில் ஒரு மீட்டர் உயரமே இருந்த பண்டைய மனித இனத்தின் எலும்புக்கூடு கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. உலகமே வியந்த அந்த அறிவிப்புக்கு அடுத்த ஆண்டுதான் ஜொகூர் செய்தி வெளியானது. ‘அங்கே இருந்தது என்றால் இங்கேயும் இருக்கலாமே’ என்று பலர் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் சாவோலா கண்டறியப்பட்டது எப்படி? கிராமத்து வேட்டைக்காரர் வீடுகளில் அதன் கொம்புகள் மாட்டப்பட்டிருந்தன. உள்ளூர் மக்களிடம் எப்போதும் பொருள் இருந்தது. அறிவியலாளர்கள்தாம் தாமதமாக வந்தனர். ஃபுளோரஸ் மனிதனுக்கும் எலும்பு இருந்தது. அந்த இனம் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது என்று 2016இல் திருத்திக் கணக்கிடப்பட்டது. ஜொகூரில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடும் ஜக்கூன் மக்களின் வீடு எதிலும் மாவாசின் எலும்போ பல்லோ இருந்ததில்லை.

இன்னொன்று, ஒரே ஒரு விலங்கு பல நூறு ஆண்டுகள் வாழ முடியாது. ஓர் இனம் தொடர வேண்டுமானால் கூட்டம் வேண்டும். அதிலும் பெரிய வாலில்லாக் குரங்குகள் மெதுவாகவே பெருகும். ஓராங் ஊத்தான் தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி போடும். அப்படிப்பட்ட இனம் நிலைத்திருக்க நூற்றுக்கணக்கில் வேண்டும். அத்தனை பெரிய உடல்கள் தின்ற மிச்சம், கழித்த சாணம், செத்த எலும்பு எதுவும் கண்ணில் படாமல் இருக்காது.

புலிகளைக் கணக்கெடுக்க எண்டாவ்-ரொம்பின் உட்பட நாட்டின் காடுகளில் தானியங்கிக் கேமராக்கள் கட்டப்பட்டுள்ளன. எதிரில் உடல்சூடுள்ள எது நகர்ந்தாலும் அவை படம் எடுக்கும். புலி, சிறுத்தை, தப்பிர், கரடி, யானை எல்லாம் அவற்றில் பதிவாகியுள்ளன. கண்ணி வைக்க வரும் திருட்டு வேட்டைக்காரர்களும் சிக்கியுள்ளனர். மாவாஸ் மட்டும் சிக்கவில்லை.

தேடப்படாமல் தொலைந்த விலங்கு

மாவாசைத் தேடி உலகமே ஜொகூருக்கு வந்த அதே ஆண்டுகளில், அதே காட்டில் உண்மையான முடி மூடிய பெரிய விலங்கு ஒன்று கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்தது. அதுதான் சுமத்ரா காண்டாமிருகம். காண்டாமிருகங்களில் உடலில் முடி அடர்ந்த இனம் அது ஒன்றே. குட்டியின் உடலைச் செம்பழுப்பு முடி மூடியிருக்கும். எண்டாவ்-ரொம்பின் அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்றாக இருந்தது. அக்காட்டைக் காக்க வேண்டும் என்று 1970களில் எழுந்த குரலுக்கு அந்த விலங்கும் ஒரு காரணம்.

1984 முதல் காண்டாமிருகங்களைப் பிடித்துப் பாதுகாப்பில் வளர்க்க முயன்றனர். 2003இல் சிலாங்கூர், சுங்கை டூசுன் காப்பகத்தில் இருந்த ஐந்தும் சில வாரங்களுக்குள் நோயால் இறந்தன. 2015இல் மலேசியக் காடுகளில் இவ்விலங்கு அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருந்தவை சபாவில் பாதுகாப்பில் இருந்தவை மட்டுமே. கடைசி ஆண், ‘தாம்’, 2019 மே மாதம் இறந்தது. கடைசிப் பெண், ‘ஈமான்’, அதே ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இறந்தது. இன்று மலேசியாவில் ஒரு சுமத்ரா காண்டாமிருகம்கூட இல்லை. இந்தோனேசியாவில் எஞ்சியிருப்பவை 80க்கும் குறைவு.

அடுத்த வரிசையில் மலாயாப் புலி நிற்கிறது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி காட்டில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு. நாட்டின் சின்னத்தில் இரு பக்கமும் நிற்கும் விலங்கின் நிலை இது.

மாவாஸ் செய்தி பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மீன்குளம் வெட்டும் இடம், புதிதாகச் செம்பனை நடும் இடம், சாலை போடும் இடம். காடு வெட்டப்படும் விளிம்பில்தான் விலங்கும் மனிதனும் எதிர்ப்படுகிறார்கள். இருப்பிடம் பறிபோன கரடியும் யானையும் தப்பிரும் வெளியே வராமல் எங்கே போகும்?

அந்த விளிம்பில் இடம் இழந்தவர்கள் விலங்குகள் மட்டுமல்லர். கோத்தா திங்கிக்கு வடக்கே லிங்கியூ நீர்த்தேக்கம் உள்ளது. ஜொகூர் ஆற்று நீரைச் சீராக்க 1990களில் கட்டப்பட்டது. சிங்கப்பூருக்குச் செல்லும் நீரும் அதைச் சார்ந்தது. அதற்காக 53,000 ஏக்கருக்கும் மேற்பட்ட காடு எடுக்கப்பட்டபோது அங்கு வேட்டையாடியும் காட்டுப்பொருள் சேகரித்தும் வாழ்ந்த ஜக்கூன் மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1996இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் அந்தக் காட்டின்மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்று ஏற்று, 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பூர்வகுடி மக்களின் நில உரிமை வரலாற்றில் அது முக்கியத் தீர்ப்பு. பத்தாண்டுகள் கழித்து அதே மக்களிடம் வந்த நிருபர்கள் கேட்டது ஹந்து ஜாராங் கிகியைப் பற்றி மட்டுமே.

தடம் கண்டால் என்ன செய்வது?

காட்டோரத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இன்றும் விசித்திரமான தடங்களைக் காணலாம். அப்போது சில எளிய முறைகளைக் கையாண்டால் பயன் உண்டு.

முதலில் தடத்தை மிதிக்காமல் அதன் பக்கத்தில் அளவுகோல், 50 காசு நாணயம், பால்மரக் கத்தி என அளவு தெரிந்த ஒன்றை வைத்து, நேர் மேலிருந்து கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்த படத்தில் அளவு தெரியாது. ஒரே தடத்தை மட்டும் எடுக்காமல் முன்னும் பின்னும் உள்ள தடங்களையும் எடுக்க வேண்டும். இரண்டு காலில் நடந்ததா, நான்கு காலில் நடந்ததா என்பது வரிசையில்தான் தெரியும்.

விரல்களைக் கவனிக்கலாம். மனிதருக்குப் பெருவிரல் பாதத்தின் உட்பக்கம் இருக்கும். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். விரலுக்கு முன்னால் நகக் கீறல் இருந்தால் கரடியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். தப்பிருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. அருகில் முடி ஏதும் முள்ளிலோ மரப்பட்டையிலோ சிக்கியிருந்தால், கையால் தொடாமல் சுத்தமான காகித உறையில் எடுத்து வைக்கலாம். மரபணுச் சோதனைக்கு அது போதும்.

பிறகு பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தகவல் தர வேண்டும். தடத்தைத் தொடர்ந்து காட்டுக்குள் போகக் கூடாது. குட்டியோடு இருக்கும் சூரியக் கரடி உருவில் சிறியதானாலும் மூர்க்கமாகத் தாக்கும். தாடையும் நகமும் மிக வலியவை. நேருக்கு நேர் கண்டால் ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெதுவாகப் பின்வாங்குவதே பாதுகாப்பு.

மாவாஸ் இருக்கிறதா என்ற கேள்விக்கு இன்றைய சான்றுகள் தரும் பதில் ‘இல்லை’ என்பதே. நாளை ஒரு பல் கிடைத்தால் அந்தப் பதில் மாறும். ஆனால் அந்தப் பல் கிடைக்கவும் காடு வேண்டும். கோத்தா திங்கி தொழிலாளி ஒருவர் காட்டோரத்தில் எதையோ கண்டு நடுங்கினார் என்றால், நடுங்க வைக்க அங்கே ஏதோ ஓர் உயிர் இன்னும் இருந்தது என்று பொருள். காண்டாமிருகத்தின் தடத்தை இனி எந்தத் தோட்டத் தொழிலாளியும் மலேசிய மண்ணில் காணப் போவதில்லை. கரடியின் தடமும் புலியின் தடமும் அந்தப் பட்டியலில் சேராமல் இருப்பது நம் கையில் உள்ளது.